எந்த இலையில் உண்போம்?

நம் சங்கத்தின் பொங்கல் விழாக் குழு கூடும் நாள் நெருங்குகிறது. ஆண்டுதோறும் எழும் கேள்விகள் இவ்வாண்டும் எழும். கரும்பு எங்கே வாங்குவது? பொங்கலை யார் பொங்குவது? விருந்துக்கு இலை எங்கிருந்து வரும்? முதல் இரண்டுக்கும் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். மூன்றாவது கேள்விக்கோ ஒரு மாலைப் பொழுது போதாது. "வாழையிலை இல்லாத பொங்கலும் ஒரு பொங்கலா?" என்பார் ஒருவர். "காகிதத் தட்டு வாங்கினால் வேலை முடிந்தது" என்பார் மற்றொருவர். "இயற்கைக்கு உகந்த தட்டு என்று கடையில் விற்கிறார்களே, அதை வாங்குவோம்" என்பார் இன்னொருவர். தேநீர் ஆறிப் போகும்; கூட்டம் கலையும்.

இலைதானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் எண்ணலாம். சென்ற ஆண்டு நானும் அப்படித்தான் எண்ணினேன். அதனால் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு விழாக் குழுவில் நான் இருந்தேன். வாழையிலை வேண்டாம், காகிதமும் வேண்டாம், பாக்கு மட்டைத் தட்டே வேண்டும் என்று வாதாடி வென்றவன் நானே. வேதியியல் பயில்பவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்றவர்கள் நம்பிவிட்டார்கள். தெற்கேயிருந்து 350 தட்டுகள் பார்சலில் வந்து சேர்ந்தன. 25 தட்டுக்கு ஒரு பாலிதீன் உறை. அதைக் கண்டபோதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும், உறுத்தவில்லை. விருந்து இனிதே நடந்தது. சாம்பார் ஒழுகவில்லை, தட்டு வளையவில்லை. பலரும் பாராட்டினார்கள். நான் பூரித்துப் போனேன்.

மறுநாள் காலையில் விடுதியின் பின்புறம் புகை எழுந்தது. போய்ப் பார்த்தேன். துப்புரவுத் தொழிலாளர் ஒருவர் அந்தத் தட்டுகளை, அவற்றை நாங்கள் கட்டி வைத்திருந்த கறுப்புப் பாலிதீன் பைகளோடு சேர்த்து எரித்துக்கொண்டிருந்தார். "ஏன் ஐயா எரிக்கிறீர்கள்? இது மண்ணில் மக்கிப் போகுமே" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மக்கும் தம்பி, மக்கும். எங்கே மக்கும்? குழி எங்கே இருக்கிறது?" என்று இந்தியில் கேட்டார். பிறகு, "இலையாக இருந்தால் என் மாடாவது தின்றிருக்கும். இதை அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது" என்றார்.

நண்பர்களே, ஐந்தாண்டுகளாக வேதியியல் படிக்கிறேன். அந்த 'எங்கே' என்ற கேள்வி எனக்குத் தோன்றவில்லை. ஒரு பொருள் இயற்கையில் பிறந்தது என்று அறிந்த அளவில் நிறைவடைந்துவிட்டேன். அன்று முதல் எந்தத் தட்டைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன். இது எங்கிருந்து வந்தது? வழியில் இதனோடு என்ன சேர்ந்தது? உண்ட பின் இது எங்கே போகும்? இக்கேள்விகளை வைத்துக்கொண்டு, நம் முன் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

வாழையும் பாக்கும்

முதலில் வாழை. அதன் சிறப்பை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. அகன்ற இலை, மேலே மெல்லிய மெழுகுப் படலம், நீரைத் தெளித்தால் முத்துப்போல் உருண்டு ஓடும். தைக்க வேண்டாம், அழுத்த வேண்டாம், பசை வேண்டாம். அறுத்து விரித்தால் தட்டு. உண்டு முடித்தால் மாட்டுக்குத் தீனி. தஞ்சையிலோ நெல்லையிலோ இருப்பவனுக்கு இதைவிடச் சிறந்த தட்டு உலகில் இல்லை. அங்கே இலைக்காகவே பூவன் வாழையை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் நாம் இருப்பது காசியில். தை பிறக்கும் நேரத்தில் இங்கே இரவுக் குளிர் 10 பாகைக்கும் கீழே இறங்கும் நாட்கள் பல. குளிர் தாக்கினால் வாழையிலை கருகும், ஓரம் கிழியும். ஆகவே தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்கிறார்கள். ஈரச் சாக்கில் சுற்றி, இரண்டு இரவு ரயிலில் பயணம் செய்து, பாதி வாடிப் பாதி அழுகி வந்து சேரும் இலைக்கு, விளைந்த இடத்தில் இருந்த பெருமை எப்படி இருக்கும்? நம் ஊர் இலை என்ற உணர்ச்சி ஒன்றுதான் எஞ்சும். அந்த உணர்ச்சியை நான் மதிக்கிறேன். அதற்காக 350 இலைகளை இத்தனை தொலைவு சுமந்து வருவது அறிவுடைமை ஆகாது.

அடுத்து, நான் வாதாடி வாங்கிய பாக்கு மட்டை. இதன் பிறப்பில் குறையில்லை. தானாக உதிரும் மட்டையை நீரில் ஊற வைத்து, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு ஆகிவிடும். மரத்தை வெட்டவில்லை, பசை சேர்க்கவில்லை. கர்நாடகத்தில் இது பலருக்குப் பிழைப்பு. ஆயினும் 2025-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தட்டுகளை உணவுக்குப் பயன்படுத்தலாகாது என்று தன் நாட்டில் அறிவித்தது. பாக்கில் அரெக்கோலின் முதலிய ஆல்கலாய்டுகள் உண்டு. அவை மட்டையிலும் இருக்கின்றன. அங்கிருந்து உணவில் இறங்கக்கூடும் என்பது அவர்கள் கூறிய காரணம். பாக்கை மெல்லுவது புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இலேயே வெளியிட்டிருக்கிறது. ஒரு நாள் இத்தட்டில் உண்டவருக்கு உடனே கேடு வந்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. யாரும் அஞ்ச வேண்டாம். ஆனால் 'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்று சென்ற ஆண்டு நான் முழங்கினேனே, அந்தச் சொல்லில் இருந்த 'ஆகவே' பிழையானது. எட்டியும் இயற்கைதான், அரளியும் இயற்கைதான்.

சக்கையும் மண்ணும்

2022-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல், ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி ஆகியவற்றை மத்திய அரசு நாடெங்கும் தடை செய்தது. தமிழ்நாட்டில் இத்தகைய தடை 2019 ஜனவரி 1 முதலே உண்டு. நல்ல சட்டம். ஆனால் சட்டம் வந்த மறுநாளே கடைகளில் பச்சை இலைப் படம் அச்சிட்ட பொருள்கள் குவிந்துவிட்டன. அவற்றுள் முதன்மையானது கரும்புச் சக்கைத் தட்டு. வெண்மையாகவும் வழவழப்பாகவும் இருக்கும்.

சாறு பிழிந்த சக்கையைக் கூழாக்கித் தட்டாக வார்ப்பது நல்ல வேலைதான். ஆனால் கூழால் ஆன தட்டில் எண்ணெய்க் குழம்பை ஊற்றினால் ஊறிவிட வேண்டும் அல்லவா? ஊறாமல் நிற்கிறதென்றால் ஏதோ ஒன்று தடுக்கிறது. பல நாடுகளில் இத்தகைய தட்டுகளைச் சோதித்தபோது, ஃபுளோரின் சேர்ந்த பி.எஃப்.ஏ.எஸ். என்னும் வேதிப் பொருள்கள் அவற்றில் சேர்க்கப்பட்டிருப்பது தெரிந்தது. கரியும் ஃபுளோரினும் பிணையும் பிணைப்பு மிக வலியது. மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாது. தட்டு மக்கிவிடும், அதில் பூசியது மக்காது. எண்ணெய் புகாமல் காக்க இப்பொருள்களை உணவுக் காகிதங்களில் சேர்ப்பது தங்கள் நாட்டுச் சந்தையில் நின்றுவிட்டது என்று 2024-இல் அமெரிக்க நிர்வாகம் அறிவித்தது. எல்லாச் சக்கைத் தட்டிலும் இது உண்டு என்று நான் சொல்லவில்லை. உண்டா இல்லையா என்பது கண்ணால் பார்த்துத் தெரியாது, அதுதான் தொல்லை. மூங்கில் பாத்திரம் என்ற பெயரில் மூங்கில் தூளைப் பிளாஸ்டிக் பிசினோடு கலந்து விற்றதை எதிர்த்து ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் நடவடிக்கை எடுத்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே. பெயர் மூங்கில், உடல் பிளாஸ்டிக்.

காகிதக் குவளையும் அப்படித்தான். காகிதம் மட்டும் தேநீரைத் தாங்காது. உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 100 மில்லி லிட்டர் சூடான நீர் அக்குவளையில் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன. நம் துறை வாயிலில் நாளைக்கு மூன்று முறை தேநீர் பருகும் நண்பர்கள் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளட்டும்.

"அப்படியானால் மண் குவளை இருக்கிறதே!" என்று கேட்பீர்கள். காசியில் வாழ்பவர்கள் இக்கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. குல்லடில் பருகும் லஸ்ஸிக்கு ஈடு இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 2004-இல் லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது நிலையங்களில் மண் குவளையைக் கொண்டு வந்தார், அத்திட்டம் நீடிக்கவில்லை. மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே போகும் என்று இதைப் பற்றிப் பாடாதவர் இல்லை. வேதியியல் அப்படிச் சொல்லவில்லை. களிமண்ணைச் சுமார் 600 பாகைக்கு மேல் சுட்டால், அதன் படிகங்களுக்குள் பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடும். பிறகு அது குழையும் மண்ணாக மீளாது. ஐயம் இருந்தால் கீழடிக்குச் சென்று பாருங்கள். 2,000 ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் பெயர் கீறி வைத்த பானை ஓடுகள் இன்னும் ஓடுகளாகவே கிடக்கின்றன. வரலாற்றுக்கு அது நன்மை. தெருவோரக் குப்பைக்கு அது தீர்வாகாது. சுட்ட ஓடு நஞ்சு அன்று. ஆனால் வயல் மண்ணையும் விறகையும் ஐந்து நிமிடத் தேநீருக்காகச் செலவிட்டு உடைத்து எறிவதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது? குயவருக்குப் பிழைப்பு வேண்டும் என்றால், கழுவி வைத்துக்கொள்ளும் சட்டியையும் கூசாவையும் அவரிடம் வாங்குவோம்.

வாயிலில் விற்கும் இலை

இனி, நம்முடைய கூட்டங்களில் யாரும் பெயர் சொல்லாத இலைக்கு வருகிறேன். வளாக வாயிலுக்கு வெளியே தரையில் சாக்கு விரித்து, பத்தலும் தொன்னையும் அடுக்கி விற்கிறார்களே, அந்தச் சால் இலை.

நான் பிறந்து வளர்ந்தது ஜாம்ஷெட்பூரில். அப்பா வேலை தேடிச் சென்ற ஊர் அது. எங்கள் குடியிருப்பின் பின்புறம் அம்மா ஒரு வாழை வைத்திருந்தார். காற்றில் கிழிந்துபோன அந்த இலைகளைக் கணக்குப் பார்த்து, தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, பாட்டி திதிக்கு ஒன்று என்று காப்பார். சந்தையில் சால் இலை குவியல் குவியலாகக் கிடக்கும். அதை வாங்க மாட்டார். பத்து வயதில் ஒரு நாள், உடன் படித்த சந்தால் நண்பனின் வீட்டில் சால் இலையில் சோறு உண்டுவிட்டு வந்து சொன்னேன். "எதில் போட்டுக் கொடுத்தார்கள்?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார். என்ன உண்டாய் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. பின்னர் விளங்கியபோது வருந்தினேன்.

அம்மா அறியாத செய்தி ஒன்று உண்டு. நம் ஊர்களில் திருமணத்துக்கும் கோயிலுக்கும் வாழை ஒன்றே பயன்பட்டதாக நினைக்கிறோம். மந்தாரை இலையையும் புரச இலையையும் ஈர்க்கால் தைத்துத் தையல் இலையாக நம் தாத்தாக்கள் உண்டார்கள். அந்த மந்தாரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு பெருங்கொடியின் இலையில்தான் இமாசலப் பிரதேசத்து மண்டியில் இன்றும் விருந்து நடக்கிறது. அந்தப் புரச மரம்தான் இங்கே பலாஷ். தைத்த இலை வடக்கும் தெற்கும் பொதுவாக ஆண்ட பொருள். ஊருக்கு ஊர் எந்த மரம் அருகில் நின்றதோ அந்த மரம் தட்டானது. வேறு எந்த விதியும் இல்லை. தஞ்சைக்கு வாழை விதி என்றால் இப்பகுதிக்குச் சால் விதி.

மூன்று கேள்விகளையும் இதனிடம் கேட்போம். எங்கிருந்து வந்தது? விந்தியக் காடுகளிலிருந்தும் சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்தும். பறிப்பவரும் தைப்பவரும் பெரும்பாலும் பழங்குடிப் பெண்கள். காட்டில் வாழ்வோர் இத்தகைய சிறு வனப் பொருள்களைச் சேகரித்து விற்பதை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உரிமையாகவே ஏற்கிறது. என்ன சேர்ந்தது? மூங்கில் சீவல் சேர்ந்தது, வேறொன்றும் இல்லை. எங்கே போகும்? மாட்டின் வயிற்றுக்கு, அல்லது ஆழமில்லாத ஒரு குழிக்கு. இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இயந்திரத்தில் அழுத்திய சால் தட்டுகளும் விற்கின்றன. அவற்றுள் சிலவற்றில் இரண்டு இலைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் ஒளிந்திருக்கும். ஓரத்தைப் பிரித்துப் பார்த்து வாங்க வேண்டும். கையால் தைத்ததில் அந்த வஞ்சகம் இல்லை. அதில் ஒரு குறையுண்டு: ரசம் ஒழுகும். ரசத்தைத் தொன்னையில் குடித்தால் போயிற்று!

எச்சில் யாருடையது?

நாள்தோறும் உண்பதற்கு எந்த இலையும் வேண்டாம் என்பதே என் கருத்து. எவர்சில்வர் தட்டு இயற்கைப் பொருள் ஆகாது. இரும்பை உருக்கிக் குரோமியம் சேர்த்துச் செய்வதற்குப் பெரும் ஆற்றல் செலவாகிறது. ஆனால் நாளைக்கு இரு வேளை என்று பத்தாண்டு உண்டால் ஒரே தட்டு 7,300 வேளைக்கு ஆகிறது. 7,300 இலைகளையோ 7,300 சக்கைத் தட்டுகளையோ அதன் பக்கத்தில் அடுக்கிப் பார்த்தால் விடை தானே தெரியும். பழசானாலும் உருக்கி மீண்டும் தட்டாக்கலாம்.

"யார் கழுவுவது?" என்ற கேள்வி உடனே எழும். நண்பர்களே, நம் விவாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. தூக்கி எறியும் தட்டு நமக்கு இத்தனை பிடித்திருப்பது வசதியால் மட்டும் அன்று. பிறர் வாய் வைத்ததைத் தொடக் கூசும் பழக்கம் நமக்கு நெடுநாளைய பழக்கம். இன்று நகரத்துக் கடைகளில் தேங்காய்ச் சிரட்டையை மெருகேற்றி, இயற்கைக் கிண்ணம் என்று நல்ல விலைக்கு விற்கிறார்கள். அதைக் காணும்போது என் மனம் வேறொன்றை நினைக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிரட்டையில் தேநீர் ஊற்றினார்கள். கண்ணாடிக் குவளை மற்றவர்களுக்கு, சிரட்டை அவர்களுக்கு. இரட்டைக் குவளை முறை என்று அதற்குப் பெயர். சிரட்டையைப் போல் இயற்கையான பாத்திரம் ஏது? ஆயினும் அதைவிடக் கொடிய பாத்திரம் அந்தக் கடையில் இல்லை. பொருள் தூய்மையாக இருந்தால் போதாது. அதை நீட்டுகிற கையும் நேர்மையாக இருக்க வேண்டும்.

அமிர்தசரசுப் பொற்கோயிலின் லங்கரில் நாள்தோறும் பல்லாயிரவர் எவர்சில்வர் தட்டில் உண்கிறார்கள். வந்தவர்களே தொண்டர்களாக நின்று அத்தனை தட்டுகளையும் கழுவுகிறார்கள். யார் எச்சில் யாருடையது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சென்ற பொங்கலில் நாம் என்ன செய்தோம்? உண்டோம், தட்டைக் கீழேயே விட்டுவிட்டு எழுந்தோம், கலை நிகழ்ச்சி காணப் போனோம். 350 பேர் எச்சிலை மூன்று பேர் குனிந்து எடுத்தார்கள். இயற்கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று மேடையில் ஒருவன் பேசினான். அவன் நானே.

ஆகவே இவ்வாண்டு விழாக் குழுவுக்கு என் வேண்டுகோள் இது. ஆண்டுக்கு ஒரு நாள் விருந்து என்றால், அருகில் விளைந்த இலை. வாயிலில் விற்கும் அந்த அம்மையாரிடம் கையால் தைத்த 350 சால் இலைகளுக்கும் தொன்னைகளுக்கும் ஒரு வாரம் முன்னதாகவே சொல்லி வைப்போம். பேரம் பேசாமல் வாங்குவோம். தண்ணீருக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் அறையிலிருந்து கொண்டு வருவோம். உண்டவர் தம் இலையைத் தாமே எடுத்துச் செல்வோம். விடுதித் தோட்டத்தின் மூலையில் அனுமதி பெற்று ஒரு குழி தோண்டுவோம். முதல் மண்வெட்டியை நான் பிடிக்கிறேன். மாட்டுக்கு உரியது எவ்வளவு என்று சென்ற ஆண்டு என்னைக் கேள்வி கேட்ட பெரியவரிடமே கேட்டுக்கொள்வோம். அவரையும் பந்தியில் நம்மோடு அமர அழைப்போம். நாள்தோறும் பருகும் தேநீருக்கு, பையில் ஓர் எவர்சில்வர் டம்ளர் போதும்.

இம்முறை அம்மாவும் பொங்கலுக்குக் காசிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். "வாழையிலை உண்டா?" என்று தொலைபேசியில் கேட்டார். "இல்லை அம்மா, சால் இலை" என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஒழுகாமல் இருக்க இரண்டு இலையாகப் போடச் சொல்" என்றார்.

பிறப்பால் உயர்ந்த மனிதன் இல்லை என்று மேடைதோறும் பேசுகிறோம். பிறப்பால் உயர்ந்த இலையும் இல்லை என்பதை இந்தப் பொங்கல் பந்தியில் செய்து காட்டுவோம்.